தன்மைப் பன்மை

இம்மலரிற் கட்டுரை வரைவோர் தம்மை ‘நாம்’ என்று சுட்டிக்கொள்ளுதல் நெடுநாளைய வழக்கு. ‘நான் கண்டேன்’ என்றெழுதினால் செருக்குப்போலத் தோன்றும் என்றும், ‘நாம் கண்டோம்’ என்றெழுதினால் அடக்கமாகத் தோன்றும் என்றும் முதலாண்டிலேயே நமக்குச் சொல்லப்பட்டது. அஃது அடக்கந்தானோ, அன்றிப் பண்டை அரசர் தம் ஆணைகளில் தம்மை ‘நாம்’ என்று கூறிக்கொண்ட பெருமிதத்தின் எச்சமோ, அதனை ஆராயாது நாமும் அவ்வாறே எழுதி வந்தோம். சென்ற கோடை விடுமுறையிற் கண்ட ஒரு தொலைக்காட்சிக் கதை அவ்வழக்கினைப் பற்றி நம்மை ஐயுறச் செய்தது. அதுபற்றிச் சில கூறுவோம்.

பாளையங்கோட்டையில் நம் மாமா ஒருவர் உளர். விஞ்ஞானக் கதைகளிற் பித்துடையவர். தமிழில் வந்தனவும் ஆங்கிலத்தில் வந்தனவும் ஆகிய எவற்றையும் விடார். விடுமுறையில் அவர் இல்லம் சென்றால் இட்டலிக்கு முன் ஒரு கதை, காப்பிக்குப் பின் ஒரு கதை. ஒருநாள் நம்மை அழைத்து, “ஏல, தமிழ் படிக்கவன்லா நீ? இதப் படி. படிச்சிட்டு வா, ஒன்று காட்டுதேன்” என்று சொல்லி ஒரு பழைய புத்தகத்தைக் கையிற் கொடுத்தார். அட்டை கிழிந்திருந்தது. அது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’.

சுஜாதா என்னும் புனைபெயரால் தமிழகம் அறிந்த எஸ். ரங்கராஜன் (1935–2008) பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராயிருந்தவர். நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்திலும் அவர்க்குப் பங்குண்டு. 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய இத்தொடர்கதை பின்னர்த் தூர்தர்ஷனில் நாடகத் தொடராகவும் வந்தது. மாமா அதனைப் பள்ளிச் சிறுவராயிருந்தபோது அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து சன்னல்வழியே பார்த்தாராம். சன்னலின் பாதியை ஒரு தென்னங்கீற்று மறைத்தமையால் தாம் அறிந்தது பாதிக் கதையே என்றும், மீதிக்காகவே பின்னர்ப் புத்தகம் வாங்கினதாகவும் கூறுவர்.

கதை நிகழ்வது வருங்கால இந்தியாவில். ஜீவா என்னும் ஒருவன் ஆட்சி செய்கின்றான். மாந்தர் பெயர்களெல்லாம் நிலா, சிபி, ரவி, மனோ என ஓரிரண்டு எழுத்தளவிற் குறுகிவிட்டன. பெயரினும் எண்ணே பெரிது. குழந்தை பெறுதற்கும் அரசின் இசைவு வேண்டும். இத்தகைய நாட்டில், காணாமற்போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாய் வருவது ஜீனோ என்னும் சிறு இயந்திர நாய். விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பெற்ற அந்நாய் நூல்களைப் படிக்கின்றது, படிக்கப் படிக்கத் தானே எண்ணத் தொடங்குகின்றது, கேலி பேசுகின்றது, ஆணையிட்டவனுக்கு மாறாகவும் முடிவு செய்கின்றது. யாவரும் வணங்கும் ஜீவாவோ ஒளியால் ஆக்கப்பெற்ற வெற்றுருவம் என்பது ஈற்றில் வெளியாகின்றது. மாந்தர் எண்களாய்த் தேய்ந்துகொண்டிருக்க, எண்ணால் இயங்கும் பொருளொன்று ஆளாய் வளர்ந்துகொண்டிருக்கின்றது. இவ்விரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று எதிர்த்துச் செல்வதே இக்கதையின் சுவை என்பது நம் கருத்து. இதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’ நமக்கு அத்துணை உவப்பளிக்கவில்லை. மாமா இதற்கு உடன்படார்.

இடையே ஒன்று. 2010இல் வந்த ‘எந்திரன்’ திரைப்படத்தை நம்மிற் பலரும் பன்முறை கண்டிருப்பர். அதன் உரையாடலிற் சுஜாதாவின் கையும் உண்டு. அதில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒரே முகத்தோடு திரண்டு உருண்டையாகவும் பாம்பாகவும் எழுந்து போர் புரியும் காட்சிக்கே திரையரங்கிற் கைதட்டல் மிகுதி. ஆயினும் முடிவில், பொருட்காட்சிச் சாலையிற் பிரித்துவைக்கப்பட்ட அவ்வியந்திரம், தான் சிந்திக்கத் தொடங்கியதே தன்னைப் பிரித்ததற்குக் காரணம் என்று ஒரு மாணவிக்கு விடையிறுக்கும் அச்சிறு காட்சிதான் நம் நெஞ்சில் நின்றது.

நிற்க. புத்தகத்தை முடித்துக் கொடுத்த அன்றிரவு மாமா காட்டியது அமெரிக்கத் தொடராகிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்பதன் ஐந்தாம் பருவத்துக் கதையொன்று. 1992இல் ஒளிபரப்பானது. பெயர் ‘ஐ, போர்க்’. ‘நான், போர்க்’ என்று தமிழிற் சொல்லலாம். போர்க் என்பார் பாதி உடலும் பாதி இயந்திரமுமாக ஆக்கப்பட்டவர். அவர்தம் மூளைகளெல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருத்தலின், ஒருவர் எண்ணுவதை யாவரும் எண்ணுவர். தமக்கெனப் பெயருடையார் ஒருவருமிலர். எதிர்ப்பட்ட இனத்தையெல்லாம் பற்றித் தம்முள் ஒன்றாக ஆக்கிக்கொள்வதே அவர் தொழில். பிக்கார்ட் என்னும் கப்பற்றலைவன் முன்பொருமுறை அவ்வாறு பற்றப்பட்டு, லொகூட்டஸ் என்று பெயர் மாற்றப்பட்டுத் தன் மக்களுக்கு எதிராகவே பேசவைக்கப்பட்டு, அரிதின் மீட்கப்பட்டவன். ஆதலின் அவன் பகை சொற்பகையன்று, உடம்பிற் பட்ட பகை.

உடைந்து வீழ்ந்த கலமொன்றில் உயிரோடு எஞ்சிய இளைய போர்க் ஒருவனை அவன் கப்பலார் காண்கின்றனர். மருத்துவப் பெண்மணியோ எவராயினும் காயமுற்றவர் காயமுற்றவரே என்கின்றார். தலைவன் எண்ணம் வேறு. விடை காணவியலாத புதிரொன்றை இவன் மூளையிற் புகுத்தித் திருப்பியனுப்பினால், எல்லா மூளையும் ஒன்றாயிருத்தலின் அப்புதிர் எங்கும் பரவிப் போர்க் இனம் முழுவதும் அழிந்துபடும். இவனே நஞ்சிட்ட பண்டம்.

அதற்காக அவனை ஆராய வருபவன் ஜோர்டி என்னும் பொறியியலாளன். பெயர் யாதெனக் கேட்டால், ‘ஐந்தில் மூன்றாமவர்’ என்பதே விடை. ஜோர்டி அவனுக்கு ‘ஹியூ’ என்று பெயரிடுகின்றான். ஆங்கிலத்தில் அது ‘நீ’ என்னும் பொருளுடைய சொல்லுக்கு மிக அணித்தான ஒலி. இளையவன் மகிழ்ந்து, ‘நாங்கள் ஹியூ’ என்கின்றான்! பெயர் கிடைத்துவிட்டது, இலக்கணம் இன்னும் கிடைக்கவில்லை. மாமா இவ்விடத்தில் நிறுத்தி நம் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

போர்க் இனத்தாரால் தன் மக்களை இழந்த கைனன் என்னும் பெண் அவனை வெறுத்தற்கென்றே காண வருகின்றாள். அவளோடு பேசியபின், நீ தனிமையில் இருக்கின்றாய் என்று அவன் அவளை நோக்கிக் கூறுகின்றான். வெறுக்க வந்தவள் அவ்வாறே திரும்பிச் செல்லுதல் இயலவில்லை. பின்னர்த் தலைவன் தானே பழைய லொகூட்டஸ் போல் நடித்து, இக்கப்பலாரைப் பற்றிக்கொள்ள உதவுக என ஆணையிடுகின்றான். ஜோர்டி அதனை விரும்பான் என்று சொல்லி மறுக்கின்றான் ஹியூ. வற்புறுத்த வற்புறுத்த, ‘நான் உதவமாட்டேன்’ என்னும் பொருள்படச் சொல்லிவிடுகின்றான். அவன் வாயில் ‘நான்’ என்னும் சொல் பிறக்கும் இடம் அதுவே. தன் பசிக்காகவோ தன் உரிமைக்காகவோ அன்றி, நண்பன் ஒருவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கும்போதே அச்சொல் பிறந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அதன்பின் அவனை நஞ்சாக்கி அனுப்பத் தலைவனுக்கு மனம் வரவில்லை. இருக்கின்றாயா, போகின்றாயா என்று அவனையே கேட்கின்றனர். இருக்க விரும்புகின்றான், இருந்தால் தன்னைத் தேடி வருவோர் நண்பரை அழிப்பர் என்று கண்டு, போகின்றேன் என்கின்றான். அழைத்துப்போக வந்தோர் நடுவே எல்லாரையும் போல நடந்து செல்லுங்கால், ஒருமுறை மட்டும் ஜோர்டியை நோக்கித் திரும்பிப் பார்க்கின்றான்.

“இப்ப சொல்லு, ‘வீ’ன்னு அவன் சொன்னது தமிழ்ல நாமா, நாங்களா?” என்று மாமா வினவினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நமக்கு இது மானப் பிரச்சினையாயிற்று.

ஆங்கிலத்தில் அவ்வொரு சொல்லுக்குள் கேட்போர் அடங்குவரோ அடங்காரோ என்பது விளங்காது. தமிழில் விளங்கும். ‘நாம் போவோம்’ என்றால் நீயும் வருகின்றாய்; ‘நாங்கள் போகின்றோம்’ என்றால் நீ வாசலில் நிற்கின்றாய். இவ்விருவகைத் தன்மைப் பன்மையும் திராவிட மொழிகளின் தனித்தன்மைகளுள் ஒன்றென்று, நம் நாட்டு இடையன்குடியில் நெடுங்காலம் தொண்டாற்றிய கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினர். நம் பழைய இலக்கணிகளும் வினைமுற்று விகுதியை வைத்தே, இது முன்னிலையாரை உளப்படுத்தும், இது படர்க்கையாரை உளப்படுத்தும் என்று வகுத்தனர். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பது அதன் பெயர். ஒருமைக்கு வந்தால் தொல்காப்பியத்துள் ‘யான்’ என்பதே உண்டு. ‘நான்’ என்பது நன்னூலில் இடம் பெறுகின்றது. எனவே ‘நான்’ நம் மொழிக்கும் சற்றுப் பிந்தி வந்த பிள்ளையே.

ஆகவே மாமாவுக்கு நாம் அளித்த விடை இது: போர்க் பேசுவது ‘நாங்கள்’, ஆனால் எதிர்ப்பட்டாரை ‘நாம்’ ஆக்கிக்கொள்ளும் வரை ஓயாத ‘நாங்கள்’. உளப்படுத்துதல் என்னும் இலக்கணத் தொழிலை வாளாற் செய்பவர் அவர். மாமா மகிழ்ந்து கைதட்டினார். அத்தை, மணி பதினொன்றாயிற்று என்றார்கள்.

படுத்தபின் மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கல்லறைகளுக்குள் வாழ்ந்த மனிதனை ஆண்டவர் கேட்டது அவன் பெயரை. அவன் ‘என்’ என்று ஒருமையில் தொடங்கி, லேகியோன் என்று சொல்லி, ‘நாங்கள்’ என்று பன்மையில் முடிக்கின்றான். ஞாயிறுதோறும் ஓய்வுநாட் பள்ளியில் அக்கதையைக் கேட்டிருந்தும், ஒரே விடைக்குள் ஒருமை பன்மையாகச் சிதறுவதை அன்றே நாம் கவனித்தோம். அவனைக் குணமாக்குதற்கு முன் அவர் கேட்டது பெயர் என்பதையும் அன்றே கவனித்தோம். உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு, அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று.

மேனிலைப் பள்ளியின் இறுதியாண்டில் நாம் ஒரு விடுதியில் இருந்தோம். அவ்விடுதியிற் சலவைக்குப் போகும் துணி, தட்டு, தம்ளர், வாளி ஆகிய யாவற்றிலும் மாணவர் எண் எழுதப்படும். அவ்வாண்டு சூன் மாதத்தில் ஆற்றின் கடைமடைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, வாழை பயிரிடும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பிற் சேர வந்தான். அவன் எண் 37. வந்த அன்றே மூத்த மாணவர் அவனை ‘முப்பத்தேழு’ என்று அழைத்தனர். அவன் திரும்பிப் பார்த்தான். அத்தோடு பெயர் நிலைத்துவிட்டது. ‘முப்பத்தேழு எங்க போச்சு?’, ‘முப்பத்தேழு சாப்பிட்டுட்டா?’ என்று அஃறிணை வினையிலேயே அவனைப் பற்றிப் பேசினோம். உயர்திணை என்பது மக்கள் என்று கருதப்படும் பொருள் என்பதைப் பின்னர்த் தொல்காப்பிய வகுப்பிற் படித்தோம். கருதுபவர் எவர் என்பதே அங்கும் வினா. கொடுமை செய்தோம் என்று கூறுதற்கில்லை. தின்பண்டம் வந்தால் அவனுக்கும் கொடுத்தோம், கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். பெயரை மட்டும் ஆறு மாதமாகக் கேட்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களிற் பெய்த மழையை இம்மாவட்டத்தார்க்கும் தூத்துக்குடி மாவட்டத்தார்க்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி கரைகடந்து ஓடிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை இரயில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. கைத்தொலைபேசிகள் பல ஊர்களில் வாயடைத்துப் போயின. விடுதியின் கீழ்த்தளத்தில் நீர் புகவே இளைய மாணவரை அடுத்த கட்டடத்து மாடிக்கு அழைத்துச் சென்றனர். காப்பாளர் பால் தேடிப் போனார். அலுவலக அறையில் மேசைமேல் ஏறி அமர்ந்து பதிவேடுகளைக் காத்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை மாலை, கம்பிவழி இயங்கும் பழைய தொலைபேசி ஒலித்தது.

ஒரு பெண்குரல் ஒரு பெயரைச் சொல்லி, “எம் மவன் நல்லா இருக்கானாய்யா?” என்று கேட்டது. அப்பெயரை நாம் அறியோம். “அப்படி யாரும் இங்க இல்லம்மா” என்றோம். மறுபுறம் ஏதோ சொல்லத் தொடங்கியது. அதற்குள் தொடர்பு அறுந்தது. தவறான எண் போலும் என்று எண்ணி, அதனை எவரிடமும் சொல்லவில்லை.

தொலைபேசியை எடுத்தது நாம். இவ்விடத்து ‘நாம்’ உளப்பாட்டுத் தன்மைப் பன்மை அன்று. அறையில் வேறு ஒருவரும் இலர்.

மறுநாட் காலை காப்பாளர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, எண்ணை விட்டு, ஒவ்வொரு பெயராக அழைத்து ஆள் இருக்கின்றதா என்று பார்த்தார். அப்பெயர் வந்தது. போர்வையைப் போர்த்துக்கொண்டு மூலையிலிருந்த முப்பத்தேழு எழுந்து, “உள்ளேன் ஐயா” என்றான்.

உடனே கீழே ஓடி அத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தோம். அதுவும் அன்று செத்துப்போயிருந்தது. புதன்கிழமை பிற்பகலில் அவனுடைய தாய்மாமன் டிராக்டரிலும் கால்நடையாகவும் வந்து சேர்ந்தார். இடுப்புவரை சேறு. பையனைக் கண்டதும் அவன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரேயன்றிப் பேசவில்லை. பின்னர்க் காப்பாளரிடம் சொன்னார். விடுதியில் இல்லை என்று விடை வந்தமையால், மழைக்கு விடுமுறை விட்டுப் பையன் ஊருக்குப் புறப்பட்டிருப்பான் என்று அத்தாய் முடிவு செய்தாராம். புறப்பட்டவன் வீடு சேராமையால், இடையிலுள்ள வழியெல்லாம் வெள்ளமாகையால், அதன்மேல் என்ன முடிவு செய்தார் என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டு நாளும் உண்ணவில்லை என்று மட்டும் சொன்னார். “யாரு ஃபோன எடுத்தது?” என்று காப்பாளர் திரும்பிக் கேட்டார்.

அங்கே நின்ற மூத்த மாணவர் அறுவர். ஒருவரும் பேசவில்லை. “யாம் அறியோம்” என்பதுபோல் அறுவரும் ஒரே முகமாய் நின்றோம். மற்றை ஐவருக்கும் உண்மையாகவே தெரியாது. ஹியூவின் வாயிற் பிறந்த அச்சொல் நம் வாயில் அன்று பிறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து வந்தபின் அச்சிறுவனிடம் தனியே சொன்னோம், பெயரைச் சொல்லி அழைத்து. அவன் வாளியில் நீர் பிடித்துக்கொண்டிருந்தான். வாளி நிரம்பும்வரை ஒன்றும் பேசாமலிருந்து, “சரிண்ணே” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான். அதன்பின்னும் பிறர் அவனை எண்ணாலேயே அழைத்தனர். நாம் அழைக்கும்போது மட்டும் அவன் சற்றுத் தாமதித்தே திரும்புவான், பெயர் பழகாதவன்போல.

இக்கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்குமுன், உன் பெயரை இதில் எழுதலாமா என்று அவனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டோம். மூன்று நாள் கழித்து விடை வந்தது. “வேண்டாம் அண்ணே. அன்னைக்கு ஃபோன எடுத்தது யாருன்னு அம்மைக்கு இன்னும் தெரியாது.”